மடித்து அடிக்கப்பட்ட தாய்மாமன்

முதலில் எனக்கு அநியாயம் செய்தவன் என் தங்கை புருஷன் உலகநாதன். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையை எங்கள் தெருவில் ஆளுக்கொரு மாதிரி சொல்லித் திரிகிறார்கள், சிலர் கம்ப்யூட்டரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், சிலர் சுவரிலிருந்து ஆரம்பிக்கிறார்கள், டீக்கடை மாடக்கண்ணு தன் கடை பெஞ்சிலிருந்து ஆரம்பிக்கிறான். உலகநாதனிலிருந்து ஆரம்பிக்காத கதை எதுவும் நடந்த கதை அல்ல.

நான் பந்தல் போடுகிறவன். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டது, ஆனாலும் ஒரு சவுக்குக் கட்டையைக் கண்ணால் பார்த்தே நீளம் சொல்லுவேன், டேப் பிடித்துப் பார்த்தவர்கள் டேப்பைத்தான் சந்தேகப்படுவார்கள். என் தங்கை ஆவுடையம்மாளின் மகள் மகராசிக்குச் சடங்கு வைத்தபோது, பஸ் ஸ்டாண்டு முக்கில் நிறுத்திய பிளெக்ஸ் பேனருக்குச் சட்டம் கொடுத்தது நான்தான், தாய்மாமன் என்ற முறைக்கு, என் கையால் அறுத்த கட்டை. பேனரில் மேலே சாமிகள், சாமிகளுக்குக் கீழே உலகநாதனுக்குப் பிடித்த தலைவர்கள், தலைவர்களுக்குக் கீழே சாமிகளைவிடப் பெரிதாக உலகநாதன், நடுவில் மயில் சிம்மாசனத்தில் பிள்ளை, எல்லாருக்கும் அடியில் கடைசி வரிசையில் கைகூப்பிக்கொண்டு நான்: 'அன்புடன் வரவேற்கும் தாய்மாமன் பந்தல் வண்டிமலையான்.' கும்பிடுகிறவன் கீழே நிற்பதுதான் மரியாதை என்று நானும் பெருந்தன்மையாக விட்டிருந்தேன். சடங்கன்று காலையில் போய்ப் பார்த்தால் பேனர் மயில் சிம்மாசனத்தின் காலோடு முடிந்துவிட்டது. என்னைக் காணவில்லை. பேனருக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கே இருந்தேன், தலைகீழாக, கூப்பிய கையோடு, மடித்து ஆணி அடிக்கப்பட்டு; ஓர் ஆணி வலது காதில்.

"கட்டை குட்டையாப் போச்சு மச்சான்," என்றான் உலகநாதன், வெற்றிலையை மென்றுகொண்டே, சொந்தபந்தம் அத்தனை பேரும் கேட்க. "மடிச்சு அடிக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கென்ன, பின்னால போய்ப் பாத்தா தெரியத்தான செய்யுது."

என் முகத்தை மடித்தது ஒன்று. என் கட்டையைக் குட்டை என்றது மற்றொன்று. முதலாவதைக்கூட ஒரு பலவீனமான நேரத்தில் நான் மன்னித்திருக்கலாம். அன்றோடு அவனிடம் பேச்சை விட்டேன். அவன் வீடு என் வீட்டுக்கு நேர் எதிர்வீடு, நடுவில் ஒரு தெருவும் ஒரு கரண்டுக் கம்பமும் மட்டும்தான், ஆகையால் தவிர்க்க முடியாத விஷயம் ஏதாவது வந்தால் நான் கம்பத்திடம் சொல்லுவேன், அவனும் கம்பத்திடம் பதில் சொல்லுவான், இத்தனை வருஷமாக எங்கள் குடும்பத்தில் பொறுமையாக நடந்துகொள்வது அந்தக் கம்பம் ஒன்றுதான். நான் அவனிடம் கேட்பது பெரிய விஷயமும் அல்ல. வருஷாவருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதே சொந்தபந்தம் வருகிறது. அவர்கள் முன்னால் நின்று, 'கட்டை சரியாத்தான் இருந்துச்சு, மடிச்சது நான்தான்' என்று ஒருதரம் சொல்ல வேண்டும். மூச்சு விடுகிற நேரம்.

அந்தப் பேனரை அச்சடித்த பிளெக்ஸ் கடையை மூடியபோது அவர்களுடைய கம்ப்யூட்டரை நான் எடுத்துக்கொண்டேன், கடைக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுக் கொடுத்ததற்கு ஈடாக. பிறந்ததிலிருந்து கம்ப்யூட்டர் மேல் எனக்கு ஆசை இருந்ததில்லை. ஆனால் அதற்குள் முழுப் பேனரும் இருந்தது, மடிக்காமல், ஆணி இல்லாமல், கடைசி வரிசையோடு. நியாயம் பேசப் போகிறவனுக்குச் சாட்சி வேண்டுமே. என் மகள் பேச்சிக்கனி அந்தச் சாட்சியை முன்னறையில் மேசைமேல் வைத்து, ஊர்ப்பிள்ளைகளுக்கு வேலைக்கும் காலேஜுக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுத்து வந்தாள். அவள் தட்டிக் கொடுத்து வேலைக்குப் போனவர்கள் இப்போதும் அவளைப் பார்த்தால் பஸ் ஜன்னலிலிருந்து கையாட்டுவார்கள், அவ்வளவு நன்றியுள்ள ஊர் எங்கள் ஊர். அவளுக்குத்தான் எதுவும் அமையவில்லை. இந்த வருஷம் நூலகர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று வந்தது. அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. விண்ணப்பப் பக்கம் இதன் பழைய சிஸ்டத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நில் என்றது. கனி ஒரு பென்டிரைவில் லினக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"பழைய கம்ப்யூட்டருக்கு இதுதான் நல்லது அப்பா. லேசா ஓடும். ஆனா உள்ள இருக்கது பூரா அழிஞ்சிரும்."

"என் சாட்சி?"

"அலறாதிய. உங்க பேனரைத் தனியா எடுத்து வச்சிட்டேன். புது சிஸ்டத்துல திறந்ததும் உங்க மூஞ்சி தெரியுத மாதிரி பின்படமா போட்டுருதேன். போதுமா?"

போதும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அவள் கேட்டதும் பதிலுக்காக அல்ல.

லினக்ஸ் ஏறியது. ஏறி, கறுப்பாக நின்றது. கறுப்பில் மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது, யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு ஆள் இல்லை என்று சொல்லச் சொன்ன மாதிரி. கனி மெமரியைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினாள், எங்கள் ஊரில் எல்லாக் கம்ப்யூட்டர் வியாதிக்கும் முதல் மருந்து அதுதான். கேபிளைப் பிடுங்கிப் பார்த்தாள், உள்ளே ஒரு ஊசி வளைந்திருந்தது, பின்னூசியால் நிமிர்த்தினாள். நான் என் பங்குக்கு மானிட்டரின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி, அதன் நெற்றியில் திருநீறும் பூசினேன். அது 'வரம்புக்கு அப்பால்' என்று ஒரு பெட்டியைக் காட்டியது, அந்தப் பெட்டி திரை முழுக்க ஊர்ந்து திரிந்தது. இன்னொரு நாள் முழுத்திரையும் கத்தரிப்பூ நிறமானது. இன்னொரு நாள் எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குச் சுருங்கியது, கனி பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள். லினக்ஸ்காரர்கள் கூடிப் பேசுகிற இடம் ஒன்று இருக்கிறதாம், அங்கே போய் நிலைமையைச் சொன்னாள். எந்த நாட்டுக்காரனோ ஒருவன் ஐந்தாறு கேள்வி கேட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் இவள் பதில் எழுதிய பிறகு, 'என்னுடையது நன்றாகத்தான் வேலை செய்கிறது' என்று எழுதிவிட்டுப் போனான். எனக்கு அநியாயம் செய்தவர்கள் வரிசையில் அவனையும் சேர்த்துக்கொண்டேன், பேர் தெரியாவிட்டால் என்ன.

கடைசியில் ஒரு காலை, வெயில் நன்றாக ஏறிய நேரம், கனி தொடக்கத்தில் ஏதோ ஒரு சொல்லைச் சேர்த்துத் தட்டினாள், படம் வந்தது. வந்த வரத்துக்கு அளவே இல்லை. சாமிகள் ஒவ்வொருவரும் பூசணிக்காய் அளவு. உலகநாதன் முகம் முறம் போல. நடுவில் மகராசி, மயில் சிம்மாசனம், சிம்மாசனத்தின் கால். அதோடு திரை முடிந்தது.

நான் மேலும் கீழும் பார்த்தேன். மானிட்டருக்குப் பின்பக்கம்கூடப் போய்ப் பார்த்தேன், பழக்கதோஷம்.

"இதுக்கும் உலகநாதன் போன் பண்ணிச் சொல்லிட்டானா?" என்றேன்.

"கொஞ்சம் பெருசா வந்துட்டுப்பா. மானிட்டர் இருக்க அளவு அதுக்குத் தெரியல. அதுபாட்டுக்கு ரொம்பப் பெருசுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கு."

அவள் சொல்லி வாயை மூடவில்லை, எதிர்வீட்டு வாசலிலிருந்து என் தங்கை ஆவுடையம்மாள் கையில் பருப்பு புடைக்கிற சொளகோடு கத்தினாள்: "ஏ கனி! உங்கப்பா எங்க சுவத்துல நிக்காரு!"

வெளியே போய்ப் பார்த்தேன். நின்றேன். உலகநாதன் வீட்டு வெள்ளைச் சுவரில், ஆள் இடுப்பு உயரத்திலிருந்து கழுத்து உயரம் வரைக்கும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, திரையின் மிச்சம் விழுந்து கிடந்தது. கொதிக்கிற வெயிலிலும் மங்காமல், கைகூப்பியபடி நான், இரண்டு காதும் ஆணியில்லாமல், கீழே என் பேர், பேருக்குக் கீழே லினக்ஸின் பொத்தான்கள் வரிசையாக, கடைசியில் ஒரு கடிகாரம். மானிட்டர் எதிர்வீடு வரைக்கும் இருப்பதாக அந்த லினக்ஸ் நினைத்திருக்கிறது, அப்படி நினைத்ததால் அப்படியே இருந்தது. காரணம் இவ்வளவுதான், இதற்குமேல் எங்கள் ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம், இது எத்தனை நாளைக்கு இருக்கும், ராத்திரியில் வெளிச்சம் வருமா, இரண்டே கேள்விதான்.

உலகநாதன் வந்தான், பார்த்தான், உள்ளே போய்ச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு வந்து என் மேல் பூசினான். சுண்ணாம்புக்கு மேல் நான் நின்றேன். தார்ப்பாயைக் கொண்டுவந்து தொங்கவிட்டான். தார்ப்பாய் மேல் நின்றேன். தன் லோடு வேனைச் சுவரை ஒட்டி நிறுத்தினான். வேன் மேல் நின்றேன், வேன் சந்தைக்குப் போனதும் மறுபடி சுவரில் நின்றேன். அந்த ஒரு காலைப்பொழுதுக்குச் சமமான காலைப்பொழுது என் கல்யாணத்தன்றுகூட வாய்க்கவில்லை என்று என் வீட்டுக்காரி படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன், அவள் உயிரோடிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாள்.

உலகநாதன் தோற்றுப்போகிற ஜாதி அல்ல. டேப்பைக் கொண்டுவந்து சுவரை அளந்து, கூடியிருந்தவர்களைப் பார்த்துச் சொன்னான்: "நல்லாப் பாத்துக்கிடுங்க. கம்ப்யூட்டர்ல போட்டாலும் எங்க மச்சான் மட்டும் வெளிய வந்து விழுதாரு. இது யாரு மடிச்சது? நானா? எந்தச் சட்டத்துக்குள்ளயும் அடங்காத ஆளு, கட்டைதான் என்ன செய்யும், நான்தான் என்ன செய்வேன்!"

சிரித்தார்கள். எங்கள் தெருவில் சிரிப்பதற்கு ஆள் கூப்பிட வேண்டியதில்லை.

பிறகு ஊர் அந்தச் சுவரோடு குடித்தனம் நடத்தத் தொடங்கியது. மாடக்கண்ணு டீக்கடைப் பெஞ்சைச் சுவருக்கு எதிரே இழுத்துப் போட்டான். கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் ஓடியது, அது லண்டன் மணி என்றும் சரிசெய்ய ஒரு நிமிஷம் போதும் என்றும் கனி சொன்னாள், அவளை யாரும் சரிசெய்ய விடவில்லை, ஏனென்றால் அதற்குள் தெரு அதற்குப் பழகிவிட்டது. சுவர் மணி ஆறரைக்கு மத்தியானச் சோறு, சுவர் மணி பத்தரைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் வீடு சேர்வது, பெண் பார்க்க வந்தவர்களுக்குக்கூட நல்ல நேரம் சுவர் மணிப்படி சொல்லிவிட்டு அப்புறம் திருத்தினார்கள். ஒரு கட்சிக்காரன் வந்து என் இடது தோளுக்குப் பக்கத்தில் இந்தச் சுவர் முன்பதிவு செய்யப்பட்டது என்று எழுதினான், மறுநாள் இன்னொரு கட்சிக்காரன் வலது தோளுக்குப் பக்கத்தில் எழுதினான், நடுவில் நான் இரண்டு பேரையும் கும்பிட்டேன். மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் வந்து உலகநாதன் மீட்டரையும் பார்த்தார், என் மீட்டரையும் பார்த்தார், இரண்டும் வழக்கம்போல ஓடுவதால் இது கரண்டில் சேராது என்று சொல்லி ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். கீழத்தெருவிலிருந்து ஒரு அம்மாள் சூடம் கொளுத்தி வைத்து, தன் மகனுக்கு வரன் கேட்டாள். கைகூப்பியிருக்கிறவனைப் பார்த்து எதிரில் நிற்பவளும் கைகூப்பினால் யார் யாருக்கு வரம் கொடுப்பது என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூன்றாம் வாரம் வரன் அமைந்தது. அதற்கு நான் பொறுப்பல்ல.

ஆட்டுக்குத்தான் சுவர் நன்றாகப் பிடித்திருந்தது. லேசான சூடு இருந்ததால் ஆவுடையம்மாளின் வெள்ளாடு வந்து முதுகைத் தேய்க்கும், தேய்க்கிற இடத்தில் ஏதாவது பொத்தான் இருக்கும், இங்கே முன்னறையில் கனி நாலு பக்கம் நிரப்பி முடித்திருக்கிற விண்ணப்பம் சட்டென்று மறைந்துபோகும். ஆடு இல்லாவிட்டால் பிள்ளைகள். பிள்ளைகள் இல்லாவிட்டால் மணி சரியாக ஓடுகிறதா என்று விரலால் தட்டிப் பார்க்கிற பெரிய மனுஷர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'அடுத்து' என்ற பொத்தான் சுவரில்தான் விழும், கனி தெருவைத் தாண்டி ஓடி அழுத்திவிட்டு ஓடிவருவாள், வருவதற்குள் யாராவது வேறொன்றை அழுத்தியிருப்பார்கள். அழுத்தியவர்கள் எல்லாம் இவள் விண்ணப்பம் போட்டு வேலைக்குப் போன பிள்ளைகளின் அப்பன்கள். போனில் போட்டுப் பார்த்தாள், கையெழுத்துப் படத்தை ஏற்க மாட்டேன் என்றது. பஜாரில் இருக்கிற ஒரே இ-சேவை மையத்துக்காரன் கடையைப் பூட்டிவிட்டுத் தன் ஊர்க் கொடைக்குப் போய்விட்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி கடைசி நேரம். எங்கள் கொடை அடுத்த செவ்வாய்.

இதை இன்னொரு தரம் சொல்லுகிறேன், ஏனென்றால் என்னைக் குறை சொல்லுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கொடை செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அம்பாசமுத்திரத்துச் சித்தப்பா, களக்காட்டு மதினி, மடித்து அடித்த அன்று பந்தலில் உட்கார்ந்து பந்தி தின்ற அத்தனை பேரும் அந்தத் தெருவழியாகத்தான் கோயிலுக்குப் போவார்கள், உலகநாதன் வீட்டுச் சுவரில் தாய்மாமன் வண்டிமலையான் மடிப்பில்லாமல் நின்று எல்லாரையும் வரவேற்பான். சாமி வருஷம் பூராவும் தூங்கிவிட்டு எனக்காக ஒரே ஒரு நாள் கண் விழித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கனி வழி கண்டுபிடித்துவிட்டாள். "அப்பா, மானிட்டரோட சரியான அளவைப் பட்டியல்ல சேத்துட்டேன். அதைத் தொட்டா எல்லாம் உள்ள வந்துரும். ஆனா தொட்டதும், இதையே வச்சிக்கிடவான்னு கேக்கும். இருபது எண்ணுததுக்குள்ள 'வைத்துக்கொள்' அழுத்தணும், இல்லைன்னா பழையபடி ஆயிரும். அந்தப் பொத்தான் மாமா சுவத்துல விழுது."

"ஓடிப்போய் அழுத்து."

"ஓடுனேன். மாமா நாற்காலியைப் போட்டு அதுமேல சாஞ்சி உக்காந்திருக்காங்க. விடமாட்டேங்காங்க."

விடமாட்டேன் என்பதற்கு உலகநாதன் சொன்ன காரணத்தைக் கேட்டபோது எனக்கே ஒரு மரியாதை வந்தது, அவ்வளவு கெட்டிக்காரத்தனம்: "இன்னைக்கு நான் அழுத்தி உங்கப்பன் மூஞ்சி மறைஞ்சிட்டுன்னு வச்சிக்க, உலகநாதன் ரெண்டாந் தடவையும் மடிச்சிட்டான்னு நான் சாவுத வரைக்கும் சொல்லுவாரு. எனக்கு ஒண்ணு போதும் தாயி. அவரு மூஞ்சி, அவரே வந்து அழுத்தட்டும்."

கனி என்னைப் பார்த்தாள். நான் பந்தல் துணியை மடித்துக்கொண்டிருந்தேன். கொடைக்குப் பந்தல் என்னுடையதுதான், வேலை நிறைய இருந்தது, எந்தத் துணியையும் இரண்டு தரம் மடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். சனிக்கிழமை காலையில், சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்றேன். சாப்பிட்டபின், சாப்பிட்ட உடனே நடக்கக் கூடாது என்றேன். அவள் வாசல்படியில் நின்றுகொண்டு, "மணி நாலே கால் ஆச்சுப்பா," என்றாள்.

"சுவத்துல மணி பத்தே முக்கால்தான் ஆகுது. சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் கெடக்கு."

அவள் சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவள்தான் என் பேச்சுக்குச் சிரிக்கிற ஒரே ஆள்.

"செவ்வாக்கிழமைக்குத்தான நிறுத்தி வைக்கிய?" என்றாள். "சரி. சட்டத்துல எடமில்லைன்னா என்னையும் மடிச்சு அடிச்சிருங்க. பின்னால போய்ப் பாத்தா தெரியத்தான செய்வேன்."

உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு வெயிலில் கொஞ்சம் நடக்க வேண்டும்போல இருந்தது. உடம்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நடந்து பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் முதலில் வந்தது.

தெரு முழுக்க மாடக்கண்ணு பெஞ்சில் இருந்தது. உலகநாதன் பிளாஸ்டிக் நாற்காலியில், என் கூப்பிய கைகளுக்குக் கீழே தலையைச் சாய்த்து, சுவரின் சூட்டுக்குச் சுகமாகக் கண்ணை மூடியிருந்தான். நான் கம்பத்தின் பக்கம் திரும்பினேன்.

"நாற்காலியை நகத்தச் சொல்லு," என்றேன் கம்பத்திடம்.

"எதுக்குன்னு கேட்டுச் சொல்லு," என்றான் அவன் கம்பத்திடம், கண்ணைத் திறக்காமல்.

முன்னறையிலிருந்து கனியின் குரல் வந்தது: "தொட்டுட்டேன்! இருபது!" சுவரில் உலகநாதன் தலைக்குப் பின்னாலிருந்து ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது, எண்கள் இறங்கத் தொடங்கின.

"அழுத்துததுக்கு."

"யாரு அழுத்துதான்னு இவங்க எல்லாரும் கேக்கச் சொல்லச் சொல்லு. நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது."

"மொதல்ல அவரு சொல்ல வேண்டியதை அவரு சொல்லட்டும். கட்டை எப்படி இருந்துச்சின்னு."

"கட்டை குட்டைதான்."

எண்கள் முடிந்தன. பெட்டி மறைந்தது. பெஞ்சில் ஒருவன் 'ச்சே' என்றான், கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்த மாதிரி.

"மறுபடி தொடுதேன்! இருபது!"

"என் கட்டையைக் குட்டைன்னு சொன்ன வாயி இந்தச் சில்லாவிலயே ஒரு வாயிதான்," என்றேன் கம்பத்திடம்.

"சில்லா பூராவும் தாய்மாமன் இருக்காங்க, பேனர் பின்னால போய்ப் பாத்த தாய்மாமன் ஒருத்தருதான்," என்றான் கம்பத்திடம்.

மறுபடியும் போய்விட்டது. இப்படி எத்தனை தரம் என்று பெஞ்சில் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகிறார்கள். ஒவ்வொரு தரமும் கனியின் குரல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது, கடைசியில் அவள் 'இருபது' என்று கத்தவில்லை, சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். சுவர் மணி பதினொன்று இருபது. நம் மணி ஐந்தாகப் பத்து நிமிஷம்.

அப்போது ஆவுடையம்மாள் மாவுக் கையோடு வெளியே வந்தாள். என்னையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. நேராகக் கம்பத்திடம் போய் நின்று சொன்னாள்: "ஏ கம்பமே, இந்த ரெண்டு பேருக்கும் வாக்கப்பட்டு ஒண்ணுக்கும் கூடப் பொறந்து ஒண்ணுக்கும் நான் பட்டது போதும். என் அண்ணன் மக வாழ்க்கை அந்தச் சுவத்துல இருபது இருபதா எறங்குது. எந்திரிக்கச் சொல்லு."

உறவுமுறையைக் குழப்பித்தான் சொன்னாள், ஆனால் கம்பத்துக்குப் புரிந்தது. உலகநாதன் எழுந்தான். அவ்வளவுதான் அவன் செய்தது, எழுந்தான், நாற்காலியை ஒரு பக்கமாக இழுத்தான். என்னவோ வரம் கொடுத்தவன் மாதிரி இதைப் பிறகு எல்லாரிடமும் சொல்லித் திரிந்தான்.

பெட்டி என் நெஞ்சின் மேல் இருந்தது, கூப்பிய கைகளுக்குக் கீழே. பக்கத்தில் பார்க்கும்போது அந்த முகத்துக்கு இப்போதைய என் வயதில் பாதி இருக்கும். பேனருக்குக் கொடுத்தது பழைய போட்டோ, மகராசியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைகடையாகப் போன காலத்து முகம். எண்கள் ஐந்தில் இருந்தன. ஒரு சொல்லைத்தான் எதிர்பார்த்தேன், பக்கத்தில் நிற்கிறவன் இப்போதாவது சொல்லுவான் என்று. வெற்றிலை மெல்லுகிற சத்தம் கேட்டது. பெருவிரலை வைத்து அழுத்தினேன். காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்ட மாதிரி இருந்தது.

படம் பாய் சுருட்டுகிற மாதிரி சுருண்டு தெருவைத் தாண்டிப் போனது, ஆடு ஒதுங்கி வழி விட்டது. சுவர் வெறும் சுவராக இருந்தது. முன்னறைக்குத் திரும்பி வந்து பார்த்தேன், டப்பா மானிட்டருக்குள் சாமிகளிலிருந்து நான் வரைக்கும் எல்லாரும் அடங்கியிருந்தோம், கடைசி வரிசையில் என் முகம் புளியங்கொட்டை அளவு. அதையும் கனி விண்ணப்பத்தால் மறைத்துவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். கோயிலில் மேளம் பழகுகிறவர்கள் ஆரம்பித்தபோது விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று திரை சொன்னது. அவள் மேசையில் தலையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். நான் மறுபடி துணி மடிக்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை சொந்தபந்தம் வந்தது. "உன் மூஞ்சி சுவத்துல தெரிஞ்சிதாமடே, எங்க?" என்றார் அம்பாசமுத்திரத்துச் சித்தப்பா. சனிக்கிழமை வரைக்கும் தெரிந்தது என்றேன். "அப்படியா," என்றார், நான் சின்ன வயதில் மாங்காய் திருடவில்லை என்று சொன்னபோது சொன்ன அதே 'அப்படியா.' உலகநாதன் பக்கத்திலேயே நின்றான், புதுவேட்டியில். "நெசந்தான் சித்தப்பா. மச்சான் அவரு கையாலயே அழிச்சிக்கிட்டாரு. நான் கிட்டதான் நின்னேன், எல்லாரும் பாத்தாங்க." ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய் சொல்லாமல் ஒருவன் இவ்வளவு அநியாயம் செய்ய முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

தெருவுக்கு மணி போய்விட்டதில் என் மேல் இன்னும் கோபம். மாடக்கண்ணு எனக்கு மட்டும் டீ ஆறவைத்துத் தருகிறான். கீழத்தெரு அம்மாள் மகனுக்குப் பிள்ளை பிறந்தது, எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. கனிக்கு வேலை கிடைத்தது. நாங்கள் இருக்கிற ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற ஒரு நூலகம். காலையில் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து எனக்குக் கையாட்டுகிறாள்.

பொங்கலுக்கு உலகநாதன் வீட்டுக்கு வெள்ளை அடித்தான். ஆள் வைக்காமல் தானே சுண்ணாம்பு மட்டையை எடுத்துக்கொண்டு மேலே ஓட்டு விளிம்பிலிருந்து கீழே சாக்கடை வரைக்கும் அடித்தான், கட்சிக்காரர்கள் எழுதிய முன்பதிவு இரண்டின் மேலும் அடித்தான். நான் என் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு வேறு வேலை இல்லாததால். அடித்து முடித்துப் பின்னால் தள்ளி நின்று பார்த்தான். சுவர் முழுக்கப் பளிச்சென்று இருந்தது, நடுவில் ஒரே ஒரு இடத்தைத் தவிர. இடுப்பு உயரத்திலிருந்து கழுத்து உயரம் வரைக்கும், ஒரு ஆள் கைகூப்பி நிற்கிற அகலத்துக்கு, பழைய சுண்ணாம்பு அப்படியே இருந்தது, மட்டை படாமல், சுற்றிலும் அடித்த வெள்ளை ஒரு சொட்டுக்கூட உள்ளே தெறிக்காமல்.

"அந்த இடத்தை ஏன் விட்டுருக்குன்னு கேளு," என்றேன் கம்பத்திடம்.

அவன் மட்டையை வாளிக்குள் போட்டான். கையைக் கழுவினான். ரொம்ப நேரம் கழுவினான்.

"மட்டை எட்டலைன்னு சொல்லு," என்றான் கம்பத்திடம், உள்ளே போய்விட்டான்.

ஓட்டு விளிம்புக்கு எட்டிய மட்டை. சாக்கடைக்கு எட்டிய மட்டை. இடுப்பு உயரத்துக்கு எட்டவில்லையாம். ஆவுடையம்மாள் வந்து, "அண்ணே, அது போதாதா?" என்று கேட்டாள். போதாது. சுவரை யார் கேட்டது? நான் கேட்டது வாய்ச்சொல். சொந்தபந்தம் முன்னால், கட்டை சரியாக இருந்தது என்று. அடுத்த கொடைக்கும் பந்தல் என்னுடையதுதான், நான் எங்கும் போய்விடப் போவதில்லை, அவன் வீடும் எங்கும் போய்விடாது. நடுவில் கம்பம் நிற்கிறது. அவன் சொல்லட்டும்.